இடியப்ப அக்காவின் நெஞ்சடைப்பு: வட கொழும்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எழுதுவதன் நோக்கம்

வட கொழும்பின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் 48 வயதுப் பெண் ஒருவருக்கு ஏற்பட்ட கடும் மனச்சோர்வையும், ஓயாத பதற்றமாகிய பதகளிப்பையும் பற்றியது இந்த ஆய்வு. நான் அந்தப் பகுதியில் பணிபுரியும் உளவளத்துணையாளர். அவருடைய சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். எழுதியதை அவருக்கும் அவருடைய இளைய மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் ஒழுங்கை மாற்றவில்லை.

நித்திரை எப்படி, பசி எப்படி, எத்தனை நாளாக இப்படி என்று எல்லோரும் கேட்கிறோம். இவரிடம் அவற்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருந்தது: இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், அங்கே உங்களைத் தேடி யார் வருவார்கள்? அதற்குக் கிடைத்த பதிலைத்தான் மற்றப் பணியாளர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இனி அவரை அக்கா என்றே குறிப்பிடுகிறேன். அவரைத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

பின்னணி: தோட்டத்து வீடு

அக்கா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஒரே தோட்டத்தில். நெருக்கமான ஏழைக் குடியிருப்பைக் கொழும்பில் தோட்டம் என்பார்கள். கால்வாயை ஒட்டிப் பலகையும் தகரமும் செங்கல்லுமாக நெருக்கிக் கட்டிய வீடுகள். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. பெருமழை பெய்தால் கால்வாய் நீர் வாசற்படிவரை ஏறும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் அங்கே கலந்து இருந்தார்கள். கணவர் கொழும்பின் மொத்த வியாபாரப் பகுதியான புறக்கோட்டையில் நாட்டாமி, மூட்டை சுமப்பவர். மூத்த மகள் மணமாகி வேறிடத்தில் இருக்கிறார். மகன் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். இளைய மகள் அப்போது பாடசாலைச் சிறுமி.

விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துச் சம்பலும் சொதியுமாகச் சன்னல் வழியாக விற்பது அக்காவின் தொழில். எட்டு மணிக்குள் பானை காலியாகிவிடும். வாங்க வருபவர்கள் வாங்கியதும் போய்விடுவதில்லை. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, எந்தப் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சன்னலடியில்தான் பேசப்படும். அவர் சீட்டும் பிடித்தார்; எல்லோரும் மாதம் ஒரு தொகை போட, சேர்ந்த காசை மாதம் ஒருவராக முறைவைத்து எடுப்பது அது. மரண உதவிச் சங்கத்தின் காசும் அவர் கையில்தான் இருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அந்தப் பெண்ணை நம்பித்தான் தோட்டத்தின் பாதிப் பேர் தங்கள் காசைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

வறுமையைப் பொன்னாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. இரவில் கழிப்பறைக்குப் போகப் பெண்கள் அஞ்சிய இடம் அது. இளைய மகளிடம் கேட்டால், அங்கே திரும்பிப் போகச் சொன்னால் ஒருபோதும் போகமாட்டேன் என்கிறார். அக்காவுக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு பக்கமும் வேண்டும்.

மாடிக்கு ஏறிய பின்: 2017 முதல் 2021 வரை

கொழும்பின் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் நகர மீளுருவாக்கத் திட்டத்தின் கீழ் 2017இல் அந்தத் தோட்டம் காலி செய்யப்பட்டது. வீடுகள் குலுக்கல் முறையில் கிடைத்தன. அக்காவுக்குப் பத்தாம் மாடி. எதிர்வீட்டுத் தோழிக்கு வேறொரு கட்டடத்தில் மூன்றாம் மாடி. ஒரே சந்தில் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்து வாழ்ந்தவர்கள் இரண்டு கட்டடங்களுக்கும் பல மாடிகளுக்குமாகச் சிதறினார்கள்.

வீட்டுக்குள்ளேயே குழாயும் கழிப்பறையும் வந்தன. வெள்ளப் பயம் போயிற்று. தொழிலும் அதோடு போயிற்று. பத்தாம் மாடிக்கு இடியப்பம் வாங்க யாரும் ஏறி வருவதில்லை. கீழே படிக்கட்டடியில் கூடையை வைத்து விற்றுப் பார்த்தார்; பொது இடத்தில் வியாபாரம் கூடாது என்று நிர்வாகத்தினர் எழுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு கடைக்கு மொத்தமாக அவித்துக் கொடுத்தார். அதில் காசு வந்தது, பேச்சுத்துணை வரவில்லை. இதை அவரே சொன்னார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டு ஒக்டோபருக்குப் பின் கொரோனாவின் இரண்டாம் அலையில் வட கொழும்பின் பல அடுக்குமாடிகள் தனிமைப்படுத்தப்பட்டன. கடை மூடியது. வீட்டுக் கதவுகளும் மூடின. கட்டுப்பாடு நீங்கிய பிறகும் அவை முன்போலத் திறக்கவில்லை. ஆனாலும் சீட்டு நடந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் கணக்குச் சொல்லி, மகன் மூலம் காசு வாங்கி, அதை மட்டும் அக்கா விடாமல் வைத்திருந்தார்.

2022: சீட்டும் கடனும்

அந்த ஆண்டு ஜனவரியில் பன்னிரண்டு பேருடன் ஒரு சீட்டைத் தொடங்கினார். ஆளுக்கு மாதம் 5,000 ரூபா. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தது. முந்தைய ஆண்டு செப்டெம்பரில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் அந்த ஏப்ரலில் 4,860 ரூபா ஆயிற்று; அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. தோட்டமாக இருந்திருந்தால் மூன்று கல்லை வைத்து விறகில் அவித்திருப்பார். பத்தாம் மாடியில் விறகு மூட்ட வழியில்லை. இடியப்பம் முற்றாக நின்றது. இறக்குமதி சுருங்கியதால் புறக்கோட்டையில் மூட்டைகளும் குறைந்தன. கணவர் வேலையில்லாத நாட்களில் குடித்தார்.

மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம்வரை போனது. அந்த நாட்களில் ஒரு முறை அக்கா லிப்டுக்குள் இருட்டில் அகப்பட்டுக்கொண்டார். நெஞ்சடைப்பு அன்றுதான் தொடங்கியது என்பது குடும்பத்தாரின் நம்பிக்கை. நாங்களும் சில காலம் அதை முக்கியமாகவே எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஜூலையில் சீட்டில் நான்கு பேர் கட்ட முடியாமல் நின்றார்கள். நால்வரும் ஏற்கெனவே சீட்டை எடுத்தவர்கள். மாதம் 20,000 ரூபா துண்டு விழுந்தது. எஞ்சிய ஆறு மாதமும் அந்தத் துண்டை அக்காவே போட்டு, டிசம்பரில் சீட்டை முடித்தார். மொத்தம் 120,000 ரூபா. தாலிக்கொடியை அடகு வைத்தார். பெண்கள் குழுவாக ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் கிழமைக் கடனில் ஒன்று எடுத்தார். அதைக் கட்டத் தனியார் ஒருவரிடம் வட்டிக்கு வாங்கினார். சீட்டு முறிந்தது என்ற பேர் வரக்கூடாது என்பதே அவருடைய ஒரே எண்ணம். இதைக் கணவருக்கும் சொல்லவில்லை, சீட்டுக்காரர்களுக்கும் சொல்லவில்லை.

பின்னர் ஒரு கிழமை தவணை தவறியது. வசூலிக்க வந்தவர் குழுப் பெண்களையும் கூட்டிவந்து, காசு வரும்வரை வீட்டுக்குள் உட்கார வைத்தார். மாலைவரை அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதன்பின் அக்கா கீழே இறங்குவதை நிறுத்தினார்.

எங்களிடம் வந்த வழி

2023 ஜூலையில் ஒரு பாடசாலையின் ஆலோசனை ஆசிரியை எங்களைத் தொடர்புகொண்டார். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி வருவதில்லை. வந்தாலும் தூங்கி விழுகிறாள். விசாரித்தபோது, அம்மாவைத் தனியே விட்டுவர முடியாது என்றிருக்கிறாள். அந்த மாணவி அக்காவின் இளைய மகள்.

அதற்குள் குடும்பம் எங்கெங்கோ போய்வந்திருந்தது. நெஞ்சு அடைக்கிறது, தலை கொதிக்கிறது, கை கால் ஓய்கிறது என்று அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் பலமுறை போயிருக்கிறார்கள். இதயத்துடிப்புப் பதிவு எடுத்து, ஒன்றுமில்லை என்று இரைப்பை மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர், சில நிமிடங்கள், அக்காவுக்குச் சரியாகப் புரியாத சிங்களத்தில் பேச்சு. மூத்த மகள் செய்வினை என்று நினைத்தார். குறி சொல்பவர் ஒருவரிடம் போய், பெருந்தொகை செலவழித்துக் கழிப்புக் கழித்துக் கையில் நூல் கட்டியிருந்தார்கள்.

முதற் சந்திப்புகளில் கண்டவை

அக்கா அலுவலகத்துக்கு வரமாட்டார் என்பது தெரிந்ததால் நாங்களே வீட்டுக்குப் போனோம். சன்னல் சீலை இழுத்து மூடியிருந்தது. இடியப்ப உரலும் தட்டுகளும் கழுவிக் கவிழ்த்துத் துணியால் மூடப்பட்டிருந்தன. பேசும்போது அவர் அடிக்கடி கதவைப் பார்த்தார். படிக்கட்டில் காலடி கேட்டால் பேச்சை நிறுத்தினார்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும், அதன்பின் யோசனை ஓயாது. உணவில் விருப்பமில்லை. எடை குறைந்திருந்தது. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 அளவீட்டில் 27க்கு 19 வந்தது. 10 அல்லது அதற்கு மேல் வந்தாலே கவனிக்க வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்ததாகும் என்று எங்கள் மக்களிடையே அச்சம் உண்டு. அனுபவத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. கேட்பவர் ஒருவர் கிடைத்ததே ஆறுதலாகிறது. போய்ச் சேர்ந்தால் பிள்ளைகளுக்குப் பாரம் குறையும் என்று நினைப்பதாகச் சொன்னார். அதற்கென்று திட்டமோ ஆயத்தமோ இருக்கவில்லை. கணவர் குடித்துவிட்டுக் கை நீட்டியதுண்டா என்றும் தனியே கேட்டோம். ஒரு முறை, 2022இல், என்றார். பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்தை அவரிடம் கொடுத்து வைத்தோம்.

எங்கள் எண்ணத்தை மாற்றிய தகவல் மகளிடமிருந்துதான் வந்தது. அம்மா லிப்டுக்குப் பயந்து வீட்டோடு இருக்கிறார் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அம்மா விடியுமுன், நாலரை மணி வாக்கில், பத்து மாடியும் படியால் இறங்கிக் குப்பையைப் போட்டுவிட்டு மறுபடி படியாலேயே ஏறி வருகிறார் என்று மகள் சொன்னாள். கை கால் ஓய்ந்துபோன பெண் பத்து மாடி இறங்கி ஏறுகிறார், யாரும் பார்க்காத நேரத்தில். லிப்ட்டைவிட மனிதர்களுக்குத்தான் அவர் கூடுதலாக அஞ்சினார்.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது. இரவில் எழுந்து அம்மாவின் மூச்சு ஓடுகிறதா என்று பார்ப்பாள். தாயைக் கவனிக்கும் நல்ல பிள்ளை என்று உறவினர்கள் மெச்சினார்கள். அந்த மெச்சுதலுக்குள் ஒரு பிள்ளையின் நித்திரையும் படிப்பும் கரைந்துகொண்டிருந்ததை யாரும் காணவில்லை.

நாங்கள் விளங்கிக்கொண்ட விதம்

லண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களிடையே ஜோர்ஜ் பிரவுணும் டிரில் ஹரிஸும் செய்து 1978இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலரும் அறிந்தது. மனச்சோர்வு தொடங்குமுன் பெரும்பாலும் ஒரு பாரிய இழப்போ நெருக்கடியோ இருந்தது. மனம்விட்டுப் பேச ஒருவர் இல்லாத பெண்களையும் வீட்டுக்கு வெளியே தொழில் இல்லாத பெண்களையும் அது எளிதில் வீழ்த்தியது. இழப்போடு அவமானமும், அதிலிருந்து வெளியேற வழியில்லாத நிலையும் சேரும்போது ஆபத்து மேலும் கூடுகிறது என்று பிரவுண் குழுவினரின் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

அக்காவின் வாழ்க்கையில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்திருந்தன. தொழிலோடும் சந்தோடும் தோழிகள் போனார்கள்; குழுப் பெண்களை வீட்டுக்குள் உட்கார வைத்தது அவமானம்; பத்தாம் மாடியும் யாரிடமும் சொல்ல முடியாத கணக்கும் வெளியேற வழியின்மை. இந்த மூன்றுக்கும் அடியில் எனக்குத் தெரிந்தது இன்னொன்று. பத்துப் பேர் தேடிவரும் இடத்தில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்த ஒருவர், ஒருவரும் தேடிவராதவராகிவிட்டார். தான் யார் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தச் சன்னல். இது எளிதாகச் சோம்பலாகப் பார்க்கப்படுகிறது. "வீட்டில் சும்மா இருப்பதால்தான் வருத்தம் வருகிறது" என்று மருமகன் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் அக்காவைக் கடன்காரர்களைவிடக் கூடுதலாக வாட்டியது.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

பாதுகாப்பே முதல் வேலை. வீட்டில் எந்த நேரம் யார் இருப்பது, எண்ணம் மோசமானால் யாரிடம் சொல்வது என்பதைக் குடும்பத்துடன் பேசி எழுதினோம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தையும் அதில் சேர்த்தோம். பொறுப்பை மகள் ஒருத்தியின் தலையில் வைக்காமல் மகனுக்கும் மூத்த மகளுக்கும் பங்கிட்டோம். மகன் இரவு ஓட்டத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டார்.

அடுத்தது உடல். களைப்பையும் படபடப்பையும் முழுக்க மனத்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. இந்த வயதில் இரத்தசோகையும் தைரொயிட் கோளாறும் அதே முகத்தோடு வரும். பரிசோதனையில் தைரொயிட் சரியாக இருந்தது, இரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினார்கள். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கான செர்ட்ரலீன் மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமையாகும், தொடக்கத்தில் படபடப்பு சற்றுக் கூடவும் கூடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அதற்குப் பின் என்ன என்பதில் எங்கள் குழுவுக்குள் கருத்து வேறுபட்டது. சக பணியாளர் ஒருவர் லிப்டில் ஒவ்வொரு மாடியாகப் பழக்கி அச்சத்தைக் குறைப்பதிலிருந்து தொடங்கலாம் என்றார். நல்ல முறைதான், வேறொருவருக்கு அதையே நானும் செய்திருப்பேன். ஆனால் கீழே இறங்கினால் யாரைச் சந்திக்க நேரும் என்பதே அக்காவின் அச்சமாக இருக்கும்போது, லிப்டில் இறக்கிவிட்டால் அவர் நேரே அந்த அச்சத்தின் வாயில்தான் போய் நிற்பார். ஆகவே கடனையும் சீட்டையும் முதலில் எடுப்பது என்று முடிவானது.

செய்வினை பற்றி நீண்ட நேரம் பேசினோம். கையில் இருந்த நூலை அவிழ்க்கச் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையை இகழ்ந்திருந்தால் மூத்த மகளை இழந்திருப்போம். அவர் இல்லாமல் எதுவும் நடந்திராது. ஆனால் செய்வினை என்றால் செய்தவர் ஒருவர் வேண்டுமே. குறி சொன்னவர் அடையாளம் காட்டியது சீட்டில் இருந்த ஒரு பெண்ணை. எஞ்சியிருந்த உறவில் ஒன்றை அந்த விளக்கம் வெட்டிக்கொண்டிருந்தது. செய்வினை உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு நாங்கள் போகவில்லை. அந்தப் பெண்ணிடம் நேரில் பேசும்வரை யார்மீதும் பழி சொல்லாமல் இருக்கும்படி மட்டும் கேட்டோம். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போகும் பழக்கம் அக்காவுக்கு முன்பு இருந்தது. இந்துவாகவே போவார், அங்கே பலரும் அப்படித்தான். அதை மூத்த மகளுடன் மறுபடி தொடங்கச் சொன்னோம். தெரிந்த முகங்கள் குறைவாகவும் வெளியே போகும் காரணம் வலுவாகவும் இருந்த இடம் அது ஒன்றுதான்.

தொடர்ந்து நடந்தவை

ஐந்தாம் நாளே மருந்தை நிறுத்திவிட்டார். படபடப்புக் கூடியது, இது நஞ்சு என்று பயந்துவிட்டார். மருத்துவமனைத் தாதி தொலைபேசியில் தமிழில் பொறுமையாக விளக்கி, மருத்துவரிடம் கேட்டு அளவைப் பாதியாக்கி, மறுபடி தொடங்க வைத்தார். அந்த ஒரு அழைப்பு இல்லாவிட்டால் மருந்து அத்தோடு முடிந்திருக்கும்.

கணக்கை எழுத உட்கார்ந்தோம். ஏழு லட்சம் கடன் இருக்கும் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தார். அடகுச் சீட்டுகளையும் தவணைப் புத்தகங்களையும் விரித்து எழுதியபோது 310,000 ரூபா வந்தது. ஆறுதலான தொகை அல்ல. ஆனால் அன்று முதன்முறையாக அவர் கணவரைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார். கணவர் நெடுநேரம் பார்த்தார். கொடி அடகில் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் கத்தவில்லை, குடிப்பதையும் நிறுத்தவில்லை. அடுத்த கிழமையிலிருந்து கூலியில் ஒரு பகுதியை மகளிடம் கொடுக்கத் தொடங்கினார்.

கடன் நிறுவனம் கிழமைத் தவணையை மாதத் தவணையாக மாற்ற ஒப்புக்கொண்டது. தனியார் வட்டிக்காரர் எதற்கும் இணங்கவில்லை. அந்தக் கடனை முதலில் அடைக்க மகன் முச்சக்கரவண்டிச் சேமிப்பைக் கொடுத்தார். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவின் முதற்பட்டியலில் குடும்பத்தின் பெயர் இருக்கவில்லை. மேன்முறையீட்டுப் படிவத்தை மகள் நிரப்பினாள்.

சீட்டுக்காரர்களின் கூட்டம்

ஒக்டோபரில், கீழ்மாடிப் பொது மண்டபத்தில் சீட்டுக்காரர்களைக் கூட்ட அக்கா சம்மதித்தார். சம்மதம் எளிதில் வரவில்லை. எல்லோரும் தன்னைக் கள்ளி என்று பேசுகிறார்கள், படியில் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள் என்று உறுதியாக நம்பியிருந்தார். முகத்தைத் திருப்பினார்கள் என்பது உண்மைதான். அதை நாங்களும் பார்த்திருந்தோம்.

ஒன்பது பேர் வந்தார்கள். கட்டாமல் நின்ற நால்வரில் ஒருத்தி வீட்டுப் பணிக்குக் குவைத் போயிருந்தார். மற்ற மூவரும் வந்திருந்தார்கள். அக்கா எழுதிவைத்திருந்த கணக்கை மகள் வாசித்தாள். வாசித்து முடித்ததும் மண்டபத்தில் வெகுநேரம் பேச்சே இல்லை.

பிறகுதான் தெரிந்தது. காசு பெற்றவர்களுக்கு அக்கா கையிலிருந்து போட்டது தெரியவே தெரியாது. நால்வரும் எப்படியோ கட்டிவிட்டார்கள் என்று நினைத்திருந்தார்கள். கட்டாத மூவருக்கோ, அக்காவின் முகத்தில் விழிக்க வெட்கம். அதனால்தான் அவரைக் கண்டால் ஒதுங்கினார்கள். அவர்கள் ஒதுங்கியதைக் கண்டு அக்கா தன்னை ஊரே வெறுக்கிறது என்று முடிவு செய்தார். கடன்பட்டவர்களும் கடன் கொடுத்தவரும் ஒருவரையொருவர் பார்க்க அஞ்சி, ஒரே கட்டடத்தில் ஓராண்டுக்கு மேல் ஒளிந்து வாழ்ந்திருக்கிறார்கள். குறி சொன்னவர் காட்டிக்கொடுத்த பெண்ணும் அந்த மூவரில் ஒருவர். பத்தாம் மாடிக்கு இரண்டு முறை ஏறி வந்து, கதவைத் தட்டாமல் திரும்பியதாகச் சொல்லி அழுதார். மூத்த மகள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செய்வினைப் பேச்சு அந்த வீட்டில் அதன்பின் எழவில்லை.

மூவரும் மாதம் ஆளுக்கு 1,000 ரூபா தருவதாக ஒப்புக்கொண்டார்கள். தொகை சிறிது. ஆனால் மருந்தும் இரும்புச்சத்தும் எங்கள் உரையாடல்களும் சேர்ந்து மூன்று மாதத்தில் கொண்டுவந்த முன்னேற்றத்துக்கு நிகரான மாற்றத்தை அந்த மாலைக்குப் பின்னான இரண்டு கிழமைகளில் கண்டோம். மருந்து இல்லாமலே இது நடந்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நித்திரை திரும்பியிராவிட்டால் அந்த மண்டபத்துக்கு அவர் இறங்கியே இருக்கமாட்டார். நவம்பர் இறுதியில் அளவீடு 19இலிருந்து 9க்கு வந்திருந்தது. அதே மாதத்தில், எதிர்வீட்டுத் தோழியின் கைபிடித்து லிப்டில் இறங்கினார். அதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

டிசம்பரில் முதல் மாடியில் இருக்கும் பழைய தோழி ஒருத்தியின் சமையலறையில் இருவரும் சேர்ந்து இடியப்பம் அவிக்கத் தொடங்கினார்கள். எரிவாயு விலை 2022இன் உச்சத்திலிருந்து இறங்கியிருந்தது. முதல் நாள் மாலையே தொலைபேசியில் சொல்லிவைப்பவர்களுக்கு மட்டும் அவிக்கிறார்கள்; காலையில் வந்து வாங்கிச் செல்கிறார்கள். வருமானம் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை.

2024 ஜனவரியில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகி எரிவாயுவையும் பிடித்துக்கொண்டது. இடியப்பத்தின் விலையைக் கூட்டினார்கள், ஆட்கள் குறைந்தார்கள். நெஞ்சடைப்புத் திரும்பியது, அளவீடு 14க்கு ஏறியது. ஒரே வேறுபாடு, இந்த முறை இரண்டாம் நாளே தோழியிடமும் எங்களிடமும் சொல்லிவிட்டார். மருத்துவர் மருந்தின் அளவைச் சற்றுக் கூட்டினார். மார்ச்சில் மறுபடி 8.

அதே ஜனவரியில் மகள் உயர்தரப் பரீட்சை எழுதினாள். பல்கலைக்கழகம் போகுமளவுக்குப் பெறுபேறு வரவில்லை. இழந்த மாதங்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கணக்கியல் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். இரவில் விழித்தெழும் பழக்கம் அவளுக்கு இன்னும் முழுதாக நீங்கவில்லை. அவளைத் தனியாகவும் சந்தித்து வருகிறேன்.

நடைமுறையில் மாறியவையும் மாற வேண்டியவையும்

எங்கள் முதற் பதிவுத் தாளில் இப்போது புதிய கேள்விகள் இருக்கின்றன: கடந்த பத்து ஆண்டில் வீடு மாறினீர்களா? முன்பு உங்களைத் தேடி வந்தவர்கள் இப்போது வருகிறார்களா? வீட்டில் யாருக்கும் தெரியாத கடன் உண்டா? கடைசிக் கேள்வியைத் தனியே, வீட்டார் இல்லாதபோதுதான் கேட்கிறோம். கடன் கணக்கை எழுதும் வேலையை முதல் இரண்டு கிழமைக்குள் கொண்டுவந்திருக்கிறோம். வர முடியாதவர் வீட்டுக்கு நாம் போவதை விதிவிலக்காகக் கருதாமல் வழமையாக்கியிருக்கிறோம். அக்கா குப்பையை எப்போது போடுகிறார் என்பது அலுவலக அறையில் ஒருபோதும் தெரியவந்திராது.

வெளிநோயாளர் பிரிவுகளில் நெஞ்சடைப்பென்று திரும்பத் திரும்ப வரும் பெண்ணுக்கு இதயப் பதிவு சரியாக இருந்தால், "ஒன்றுமில்லை" என்று அனுப்புவதோடு நிற்கக்கூடாது. அவருடைய மொழியில் இரண்டே இரண்டு கேள்விகள் போதும்: மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் விருப்பம் இல்லாமல் போயிற்றா? பி.எச்.கியூ-9இன் முதல் இரண்டு கேள்விகளும் அவைதான். அக்காவிடம் அவற்றைக் கேட்டிருந்தால் ஓராண்டு மிஞ்சியிருக்கும்.

பாடசாலைகளில் அடிக்கடி வராத பிள்ளையை ஒழுக்கப் பிரச்சினையாகப் பதிவதற்கு முன், வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாய் என்று ஒருமுறை கேட்க வேண்டும். இந்த ஆசிரியை கேட்டார். அதனால்தான் இப்படி ஒரு கதை எழுதக் கிடைத்தது.

குடியிருப்புகளைத் திட்டமிடுவோரிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. ஒரே சந்தில் வாழ்ந்த குடும்பங்களை ஒரே மாடியில் வைப்பதற்குக் குலுக்கலை வீடு வீடாக நடத்தாமல் சந்து சந்தாக நடத்தினால் போதும். தரைமாடியில் காலை நேரத்தில் மட்டும் விற்க ஒரு சிறு இடம் ஒதுக்குவதும் பெரிய செலவல்ல. அக்காவும் தோழியும் மேலும் ஐந்து பெண்களும் கையெழுத்திட்டு, காலை ஐந்து முதல் எட்டுவரை படிக்கட்டடியில் மேசை போட்டு விற்க அனுமதி கேட்டு நிர்வாகத்திடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தை மகள்தான் சிங்களத்திலும் தமிழிலும் எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை. அக்காவின் கொடி அடகிலேயே இருக்கிறது, மருந்து தொடர்கிறது, அடுத்த மருத்துவ மீளாய்வில் அளவைக் குறைக்கலாமா என்று பார்ப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறார்.